முகம் தெரியாது, குரல் கேட்கும்

2022 செப்டம்பரில் பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பாகம் வந்தபோது எனக்குத் தெரிந்த வாசகர்கள் எல்லோரும் முகங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தியத்தேவன் என் மனசில் இப்படி இல்லை, நந்தினி கிட்டத்தட்ட சரி, பூங்குழலி வேறு மாதிரி, பெரிய பழுவேட்டரையர் இன்னும் ஆஜானுபாகுவாக இருந்திருக்க வேண்டும். நாவல் கல்கி பத்திரிகையில் தொடராக வந்த காலத்தில் மணியம் வரைந்த ஓவியங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டவர்களும் உண்டு. உனக்கு எப்படி என்று என்னிடமும் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன், சொல்ல ஒன்றுமே இல்லை. மூன்று தடவை முழுசாகப் படித்த நாவல், ஐந்து பாகமும். வந்தியத்தேவனின் முகம் ஒரு தடவைகூட எனக்குத் தெரிந்ததில்லை.

குரல் தெரியும். ஆழ்வார்க்கடியானோடு வாயாடும்போது அந்தக் குரல் எங்கே ஏறும், குந்தவை முன்னால் நிற்கும்போது எங்கே தடுமாறும் என்று கேட்டால் இப்போதே சொல்லிவிடுவேன். பல வருஷமாக நான் இப்படித்தான் படித்து வந்திருக்கிறேன், ஆனால் அது ஒரு தனி வகைப் பழக்கம் என்பது அந்த உரையாடலில்தான் உறைத்தது. மற்றவர்கள் ஒரு நாவலைப் படிக்கும்போது மனசுக்குள் காட்சி ஓடுமாம். எனக்குக் காட்சி மங்கலாகத்தான் இருக்கும், ஒரு ஜன்னல், ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். பேச்சு மட்டும் பக்கத்து அறையில் நடப்பதுபோலத் தெளிவாகக் கேட்கும்.

இது தெரிந்த பிறகு என்னுடைய மற்ற பழக்கங்களுக்கெல்லாம் காரணம் புரிந்துவிட்டது. ஏன் இவ்வளவு மெதுவாகப் படிக்கிறேன் என்பது முதலில். முந்நூறு பக்க நாவலை ஒரே நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு ஒரு வாரம் ஆகும், சில சமயம் பத்து நாள். வாய்விட்டுப் பேசினால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஒரு பக்கத்துக்கு வேண்டும். புதுப் புத்தகம் என்றால் முதல் பத்துப் பக்கத்தை உண்மையிலேயே வாய்விட்டுத்தான் படிப்பேன். கி. ராஜநாராயணனை அப்படிப் படிக்காமல் இருக்கவே முடியாது, கோபல்ல கிராமத்தைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். ஒரு கிழவர் உட்கார்ந்து சொல்கிற கதை அது, எங்கே நிறுத்துவார், எங்கே இழுப்பார் என்பதெல்லாம் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் அணிந்துரை. நாவலுக்கு முன்னால் இருக்கும் அணிந்துரையை நான் எப்போதுமே கடைசியில்தான் படிப்பேன். நம் புத்தகங்களில் அணிந்துரை எழுதுகிறவர்கள் பலர் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறார்கள், யார் சாகிறார்கள் என்பது வரைக்கும். அதுகூடப் பரவாயில்லை, முடிவு தெரிந்தும் படிக்கலாம். நாவலின் முதல் வரிக்கு முன்னால் இன்னொருவரின் குரல் காதில் ஏறிவிடுகிறதே, அதுதான் எனக்குச் சங்கடம். ஆசிரியரே எழுதிய முன்னுரை என்றாலும் அப்படித்தான், புத்தகத்தை முடித்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்து படித்தால் அது ஒரு நல்ல பேச்சுத் துணை.

பிடிக்காத புத்தகத்தை எத்தனை பக்கத்தில் விடலாம் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். என் கணக்கு அறுபது பக்கம். அதற்குள் எவருடைய குரலும் எழுந்து வரவில்லை என்றால் மூடி வைத்துவிடுவேன், குற்ற உணர்ச்சியே இல்லாமல். ஆனால் தூக்கிப் போட மாட்டேன். இரண்டு மூன்று வருஷம் கழித்து எடுத்தபோது சட்டென்று பேச ஆரம்பித்த புத்தகங்கள் என் அலமாரியில் கணிசமாக இருக்கின்றன. புத்தகமும் அதேதான், எழுத்தும் அதேதான், நடுவில் எனக்கு என்ன ஆயிற்று என்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மொழிபெயர்ப்புகளையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன். ஒரே நாவலுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு கிடைத்தால், நடுவில் ஒரு உரையாடல் பக்கத்தைப் பிரித்து இரண்டையும் சத்தமாகப் படித்துப் பார்ப்பேன். தஸ்தயேவ்ஸ்கியின் மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பவர்கள், காய்ச்சல் வந்தவர்கள் மாதிரி, ஒரே பேச்சுக்குள் மன்னிப்புக் கேட்டு, கோபப்பட்டு, அழுது, மறுபடி மன்னிப்புக் கேட்பார்கள். அந்த மூச்சு வாங்கல் தமிழில் வராவிட்டால் அந்த நாவலே இல்லை. எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் குற்றமும் தண்டனையும் படித்தபோது மர்மெலாதவ் குடித்துவிட்டுப் பேசும் அந்த நீண்ட அத்தியாயத்தை முடித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். அவனுடைய பேச்சு ரொம்ப நேரம் நிற்கவே இல்லை.

மின்நூல் கருவியில் படிக்கிறேன், ராத்திரிக்கு வசதி. ஆனால் பிடித்த வரி இடது பக்கத்தில் கீழே இருந்தது என்று நினைவில் வைத்துத் தேடுவது அதில் முடிவதில்லை. ஒலிநூல் மட்டும், நாவல் என்றால், முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம். வாசிப்பவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அது அவர் கேட்ட குரல். வரலாறு, கட்டுரை, பயணம் என்றால் சந்தோஷமாகக் கேட்பேன்.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் படம் பார்ப்பேன், நடுவில் ஒன்றிரண்டு மாசமாவது விடுவேன். இது படத்தைக் குறைவாக நினைப்பதால் இல்லை. நடிகரின் குரல் அவ்வளவு வலுவானது, ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் புத்தகத்துக்குள் குடியேறிவிடும். மரியோ பூசோவின் காட்பாதர் நாவலை நான் படம் பார்த்த பிறகுதான் படித்தேன். அதில் டான் கோர்லியோனே வாயைத் திறந்தாலே மார்லன் பிராண்டோவின் அந்தக் கம்மிய, தாழ்ந்த குரல்தான். பூசோ எழுதிய டானின் சொந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு இனிமேல் தெரியவே தெரியாது. படம் அற்புதமான படம், அதில் சந்தேகமில்லை, ஆனாலும் அந்த இழப்பு எனக்கு உண்மையான இழப்புதான்.

முகம் மாறினால் எனக்கு ஒன்றும் ஆகாது என்பதற்கு ஷாஷாங் ரிடெம்ப்ஷன் நல்ல உதாரணம். ஸ்டீபன் கிங் 1982-இல் வெளியிட்ட குறுநாவலில் ரெட் என்பவன் செம்பட்டை முடி கொண்ட ஐரிஷ்காரன், பெயரே அதனால்தான். 1994-இல் வந்த படத்தில் அவர் மார்கன் ஃப்ரீமன். தோற்றத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் செய்ய முடியாது. ஆனால் குறுநாவல் முழுக்க ரெட்தான் கதை சொல்கிறான், படத்திலும் அவர்தான் சொல்கிறார், அவசரமே இல்லாத, ஆசைப்படக்கூடப் பயப்படுகிற ஒரு ஆயுள் கைதியின் குரலில். இயக்குநர் ஃப்ராங்க் டாரபான்ட் அந்தக் குரலைக் கையில் பிடித்துக்கொண்டார், மற்றதெல்லாம் பின்னால் வந்துவிட்டது. புத்தகத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கு எந்த இடத்திலும் இடறவில்லை.

அப்படியானால் படத்தில் எனக்குக் குறைவது என்ன? கதை மாறுவது குறையாகத் தெரிவதில்லை, காட்சிகளை வெட்டுவதும் தெரிவதில்லை. கதை சொல்கிறவர் காணாமல் போவதுதான். பொன்னியின் செல்வனில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் யார் என்று கேட்டால் அதை எழுதிய கல்கி என்றுதான் சொல்வேன். 1950-இலிருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் எழுதிய மனிதர், கால வெள்ளத்தில் ஓடத்தில் ஏற்றி நம்மைக் கூடவே அழைத்துப் போகிறார், இடையில் நிறுத்திச் சரித்திரம் சொல்கிறார், ஒருவனை ஆபத்தான இடத்தில் தொங்கவிட்டுவிட்டு வாருங்கள் இன்னொருவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார். அந்தத் தோழமை இல்லாமல் வெறும் சம்பவங்களாகப் பார்த்தால் அது இன்னொரு அரண்மனைச் சதிக் கதை. மணிரத்னம் படத்தில் தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் வந்து பின்னணியைச் சொல்கிறது, சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. மணிமேகலையை விட்டுவிட்டார்களே என்று பலர் வருத்தப்பட்டார்கள், எனக்கு அந்த வருத்தமும் உண்டு. ஆனால் கல்கியே இல்லாததுதான் பெரிய வெற்றிடம். ஒன்று சொல்ல வேண்டும், ஆழ்வார்க்கடியான் நம்பியாக ஜெயராம் பேச ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் கேட்ட நம்பியேதான்.

கதைசொல்லியே இல்லாத கதையைப் படமாக்கினால் இந்தச் சிக்கல் வராதே என்று தோன்றும். ரஷோமோன் அதற்குச் சரியான சாட்சி. குரோசாவா 1950-இல் எடுத்த அந்தப் படத்துக்கு அகுதாகவாவின் இரண்டு சிறுகதைகள் அடிப்படை. பெயரும் பாழடைந்த வாயிலும் 1915-இல் வந்த ரஷோமோன் கதையிலிருந்து, கொலையும் விசாரணையும் 1922-இல் வந்த தோப்புக்குள் என்ற இன்னொரு கதையிலிருந்து. அந்த இரண்டாவது கதை வெறும் ஏழு வாக்குமூலங்கள்தான். ஆசிரியர் ஒரு வரிகூட நடுவில் பேசுவதில்லை. விறகுவெட்டி, துறவி, காவலன், கிழவி, கொள்ளைக்காரன், அந்தப் பெண், கடைசியில் செத்துப்போனவனின் ஆவி, ஆளுக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள், கதை அங்கேயே நின்றுவிடுகிறது. என்னைப்போலப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய விருந்து. படத்தில் ஆவி பேசும் இடத்தை மறக்கவே முடியாது, ஆவி இறங்கிய பெண்ணின் வாய் அசைய, வருவது ஆணின் குரல். அதை எழுத்தில் செய்ய முடியாது. விறகுவெட்டி இரண்டாம் தடவை சொல்லும் உண்மையும் வாயிலில் கிடக்கும் குழந்தையும் கதைகளில் கிடையாது, படத்துக்காகச் சேர்த்தவை. குழந்தையை எடுத்துக்கொண்டு விறகுவெட்டி நடக்கும் அந்த முடிவு கொஞ்சம் ஆறுதலுக்காகச் சேர்த்த மாதிரி எனக்கு இருக்கிறது, அகுதாகவா அப்படி ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறையப் பேர்.

சத்யஜித் ராய் செய்தது வேறு. தாகூர் 1901-இல் எழுதிய நஷ்டநீடம் என்ற குறுநாவல் ஒரே ஒரு சொல்லில் முடிகிறது. பூபதி ஊரைவிட்டுப் போகிறான், என்னையும் அழைத்துப் போ என்கிறாள் அவன் மனைவி சாரு, அவன் தயங்குகிறான், முடியாது என்கிறான், அவள் முகம் வெளிறுவதைப் பார்த்துவிட்டுச் சரி வா என்கிறான். அதற்கு அவள் சொல்லும் பதில் வங்காளத்தில் ஒற்றைச் சொல், 'தாக்'. தமிழில் 'இருக்கட்டும்' என்று சொல்லலாம். அந்த இருக்கட்டுமை எத்தனை விதமாக எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை, கோபமாக, களைப்பாக, ஒன்றுமே இல்லாததுபோல. ராய் 1964-இல் சாருலதா எடுத்தபோது அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார். சாரு கையை நீட்டுகிறாள், பூபதி கையை நீட்டுகிறான், இரண்டு கைகளும் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் படம் அப்படியே உறைந்துவிடுகிறது. குரலை எடுத்துவிட்டு அதற்குச் சமமான ஒரு மௌனத்தை வைத்தார். ஒரு படம் புத்தகத்துக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இயக்குநர் மகேந்திரனிடமும் இதே துணிச்சலைப் பார்க்கிறேன். புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து பிறந்தது 1979-இல் வந்த உதிரிப்பூக்கள். புத்தகத்தைப் படித்துவிட்டுப் பார்த்தால், இதுவா அது என்று திகைப்பாக இருக்கும். தாயில்லாத இரண்டு குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். புதுமைப்பித்தனின் அந்தக் குத்தலான குரலைப் படத்தில் எங்கேயும் தேட முடியாது, அதற்குப் பதிலாக ஆற்றங்கரையும் மனிதர்கள் பேசாமல் நிற்பதும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

வெக்கையும் அசுரனும் எனக்கு இன்னும் தீராத வழக்கு. பூமணியின் நாவல் 1982-இல் வந்தது. பதினைந்து வயது சிதம்பரம் வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுவதில் ஆரம்பிக்கிறது, அப்புறம் அப்பாவும் பிள்ளையும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள், அவ்வளவுதான் நாவல். அதில் என்னை உலுக்கியது கொலை இல்லை, அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வது. மகன் கொலை செய்துவிட்டு வந்திருக்கிறான், அப்பா அவனோடு சமமான ஆள்போலப் பேசுகிறார், எங்கே படுக்கலாம், எதைச் சாப்பிடலாம் என்று. 2019-இல் வெற்றிமாறன் படமாக்கியபோது அப்பாவின் இளமைக் காலத்தைப் பெரிதாக விரித்தார், கதை மகனிடமிருந்து அப்பாவிடம் போய்விட்டது. படத்தின் கோபம் நியாயமானது, தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்ததும் நியாயமே, பார்த்த அன்று நானும் அசந்துதான் போனேன். ஆனால் படத்தில் அப்பாவைக் கோழை என்று நினைக்கிற மகனும், மகனைத் தடுத்துக்கொண்டே இருக்கிற அப்பாவும் இருக்கிறார்கள், நான் கேட்ட அந்தத் தாழ்ந்த குரல் பேச்சு அங்கே குறைந்துவிட்டது. வெக்கையை இன்னும் படிக்காதவர்கள், படம் பார்த்துவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து படியுங்கள். அது வேறு அனுபவம்.

எழுதியவரே திரைக்கதையும் எழுதினால்? ஜெயகாந்தன் 1966-இல் அக்கினிப் பிரவேசம் என்ற சிறுகதையை எழுதினார், கெடுக்கப்பட்டு வந்த பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் கதை. பெரிய சர்ச்சை. பிறகு, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரறியக் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே தன் கதையைத் திருப்பிப் போட்டு எழுதியதுதான் சில நேரங்களில் சில மனிதர்கள் நாவல். அதில் அந்தச் சிறுகதையை எழுதிய எழுத்தாளரே ஒரு பாத்திரமாக வருகிறார். பீம்சிங் இயக்கிய படத்துக்குத் திரைக்கதை ஜெயகாந்தனே. தேசிய விருது வாங்கிய லட்சுமியின் நடிப்பில், அந்தப் பெண் கங்கா பேசாமல் இருக்கும் இடங்கள்தான் எனக்கு முக்கியம். சின்ன வயதில் ஜெயகாந்தனைப் படித்தபோது அந்த நீண்ட வாதங்களுக்காகவே படித்தேன். இப்போது திரும்பப் படிக்கும்போது கங்கா தனக்குள் சொல்லிக்கொள்ளும் பக்கங்களில்தான் பென்சில் கோடு போடுகிறேன்.

கடைசியாக மோகமுள். தி. ஜானகிராமனை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. ஞான ராஜசேகரன் 1995-இல் எடுத்த படத்தைப் பார்க்காமல் பல வருஷம் தள்ளிப் போட்டேன், நாவலில் பாபுவுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ரங்கண்ணாவை நினைத்துத்தான். ஒரு சங்கீதக்காரரை எழுத்தில் கேட்டுப் பழகிவிட்டு இன்னொரு சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளப் பயம். போன வருஷம் ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நெடுமுடி வேணு அந்த ரங்கண்ணாவாக அப்படிக் கனிந்து உட்கார்ந்திருக்கிறார், இளையராஜாவின் இசை, எழுத்தில் நான் ஊகித்துக்கொண்டிருந்த இடங்களில் நிஜமாகவே ஒலிக்கிறது. முடிந்ததும் அலமாரியிலிருந்து நாவலை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன், ரெண்டு வாரம் ஆயிற்று. நான் பயந்ததுபோலவே ரங்கண்ணா இப்போது படத்தின் குரலில்தான் பேசுகிறார், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. பாபுவிடம் இரண்டும் கலந்து வருகிறது. பாபு நேசிக்கும் யமுனா மட்டும் மாறவில்லை, முதல் தடவை படித்தபோது கேட்ட அதே குரலில், அதே நிதானத்தில் பேசிக்கொண்டிருக்கிறாள்.